முன்னறிந்த ஆட்டம்: அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்ட வரலாற்றிற் பார்ப்போர் குரல்

விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதுவோர் களத்தினுள் நின்றோரையே பெரிதும் நோக்குவர். வென்ற அணியின் பெயரும், அதனைப் பயிற்றியவர் பெயரும், ஈட்டப்பட்ட புள்ளிகளின் தொகையும் ஏடுகளில் இடம்பெறும். களத்தைச் சூழ்ந்து வெயிலிலும் பனியிலும் காத்திருந்து, மகிழ்ந்தும் சலித்தும் வீடு திரும்பிய பல்லாயிரவரைப் பற்றிய குறிப்பு அவ்வேடுகளில் அரிதாகவே காணப்படும். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் வரலாற்றை ஆராயுமிடத்து, அவ்வாட்டத்தின் அடிப்படை விதிகள் சில உருவாவதற்குப் பார்ப்போரின் சலிப்பும் ஒரு காரணமாயிருந்தமை புலனாகும். “அடுத்து நிகழப்போவது யாதென்பதை நாமே அறிவோம், அங்ஙனமாயின் எதிரணியார் அறியாரோ?” என்பதே அவர்களின் நெடுநாளைய முறைப்பாடு. அம்முறைப்பாடு எங்ஙனம் எழுந்தது, அது எவற்றை மாற்றியது, எவற்றை மாற்றவியலாது நின்றது என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று வழங்குவது நம் கல்லூரி மைதானங்களில் ஆடப்படும் உதைபந்தாட்டம் அன்று. அது றகர் ஆட்டத்திலிருந்து கிளைத்தது. அணிக்குப் பதினொருவர். களத்தின் நீளம் 100 யார். பந்தை உடைய அணி நான்கு முயற்சிகளுள் 10 யார் தூரம் முன்னேறல் வேண்டும். முன்னேறின் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறின் பந்து எதிரணியைச் சேரும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் 6 புள்ளி; இது ரச்டவுண் எனப்படும். கம்பங்களுக்கிடையே உதைத்தால் 3 புள்ளி. மூன்று முயற்சிகளிலும் போதிய தூரம் முன்னேறாத அணி, நான்காவதில் பந்தைக் களத்தின் மறுகோடி நோக்கித் தொலைவாக உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பதும் உண்டு.

ஒவ்வொரு முயற்சிக்கு முன்னரும் ஆட்டம் ஒரு கணம் நின்று, இரு திறத்தாரும் நிரையாக எதிரெதிரே நிற்பர். இவ்விடைவெளியே இவ்வாட்டத்தை ஏனைய பந்தாட்டங்களினின்றும் வேறுபடுத்துவது. தாக்கும் அணி தன் சூழ்ச்சியை முடிவு செய்வதும் அக்கணத்திலேயே. காக்கும் அணி அதனை உய்த்துணர முயல்வதும் அக்கணத்திலேயே. மேலே படிவரிசையில் அமர்ந்திருப்போரும் அக்கணத்திற் சும்மா இருப்பதில்லை. பந்தைக் கையிலேந்தி ஓடுவார்களா, முன்னோக்கி எறிவார்களா, இடமோ, வலமோ, நடுவோ எனத் தமக்குள் ஊகிப்பர். ஊகம் பலமுறை பிழைத்தால் அவர்க்கு வியப்பு. ஒருமுறையும் பிழையாதாயின் சலிப்பு. ஆகவே, பார்ப்போர் ஆட்டத்தை முன்னறிந்து குறைகூறும் வழக்கம் இவ்வாட்டத்தின் அமைப்பிலேயே வேர்கொண்டதெனலாம்.

முதற் சலிப்பும் முதல் விதியும்

அமெரிக்கக் கல்லூரிகளிடையே நிகழ்ந்த முதலாவது உதைபந்தாட்டம் 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி நியூ பிறன்ஸ்விக் நகரில் றட்கேர்ஸ், பிறின்ஸ்ரன் என்னும் இரு கல்லூரிகளுக்கிடையே நடைபெற்றது. றட்கேர்ஸ் 6க்கு 4 என்ற கணக்கில் வென்றது. அணிக்கு இருபத்தைவராக ஆடிய அவ்வாட்டத்திற்கும் பிற்காலத்து ஆட்டத்திற்கும் ஒற்றுமை மிகச் சிறிதே. இன்றைய வடிவத்திற்கு வித்திட்டவர் யேல் கல்லூரியைச் சேர்ந்த வோல்ற்றர் காம்ப் என்பார். (சென்னைக் கோட்டையின் ஆளுநராயிருந்த எலிகு யேலின் பெயரைத் தாங்கியதே அக்கல்லூரி.) 1880இல் அவர் முயற்சியால் அணிக்குப் பதினொருவர் என்பதும், பந்து ஓர் அணியின் உடைமையாய் நிற்க நிரைகள் எதிரெதிரே அமைதல் வேண்டும் என்பதும் விதிகளாயின.

இவ்விதி நல்லெண்ணத்தோடு வகுக்கப்பட்டதாயினும் அதனுள் ஒரு பெருங்குறை மறைந்திருந்தது. பந்தை உடைய அணி அதனை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கு எல்லை கூறப்படவில்லை. 1881இல் யேலும் பிறின்ஸ்ரனும் நியூயோர்க் நகரில் மோதியபோது அக்குறை வெளிப்பட்டது. முற்பாதி முழுவதும் பிறின்ஸ்ரன் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பிற்பாதி முழுவதும் யேல் அவ்வாறே செய்தது. எந்த அணியும் புள்ளி பெறவில்லை. தோல்வியைத் தவிர்த்தல் ஒன்றையே கருதிய இரு அணிகளுக்கும் அது அறிவுடைய செயலே. காணவந்தோர்க்கோ அது ஆட்டமாகவே தோன்றவில்லை. கண்டனம் வலுத்தது. மறு ஆண்டே, மூன்று முயற்சிகளுள் 5 யார் முன்னேறல் வேண்டும், அன்றேல் 10 யார் பின்வாங்கல் வேண்டும், இரண்டும் செய்யாதார் பந்தை இழப்பர் என்னும் புதுவிதி வகுக்கப்பட்டது. தூரத்தை அளத்தற்பொருட்டுக் களத்தின் குறுக்கே கோடுகள் இடப்பட்டன. அமெரிக்க உதைபந்தாட்டத்தின் உயிர்நாடி எனத்தகும் விதி இங்ஙனம் சலிப்பின் விளைவாகப் பிறந்ததென்பது சிந்திக்கத்தக்கது.

திரள்முறையும் முன்னெறிதலும்

புதுவிதியால் ஆட்டம் முன்னேறியது. ஆனால் முன்னேறும் வழி ஒன்றாகவே சுருங்கிற்று. ஐந்து யார் தூரத்தை உறுதியாகப் பெறுதற்கு உடல்வலியைத் திரட்டி ஒரே இடத்திற் பாய்தலே எளிதெனப் பயிற்றுநர் கண்டனர். 1892இல் யேலுக்கு எதிரான ஆட்டத்தின் பிற்பாதித் தொடக்கத்தில் ஹார்வாட் அணி ஆப்பு வடிவில் ஓடிவந்து தாக்கிய முறை பெயர்பெற்றது. அதனை வகுத்த லோறின் டீலண்ட் என்பவர் அவ்வாட்டத்தைத் தாம் ஒருநாளும் ஆடியறியாதவர். சதுரங்கத்திலும் நெப்போலியனின் போர்முறைகளிலும் ஈடுபாடுடையவர். அன்று வென்றது யேலே. எனினும் ஆப்புமுறை ஏனைய கல்லூரிகளுக்கும் பரவிற்று. 1894இல் அது தடைசெய்யப்பட்டபோதும் திரளாகப் பாயும் வழக்கம் வேறு வடிவங்களில் நீடித்தது. திரளுக்குள் நிகழ்வது யாதெனக் காண்போர்க்குத் தெரியவில்லை. உள்ளே நசுங்கிய இளைஞர்க்கோ உயிராபத்தாயிற்று.

1905ஆம் ஆண்டில் உயிரிழப்புக்கள் மிகுந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி குடியரசுத் தலைவர் தியடோர் றூஸ்வெல்ற் ஹார்வாட், யேல், பிறின்ஸ்ரன் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வற்புறுத்தினார். 1906இல் இரு மாற்றங்கள் வந்தன. மூன்று முயற்சிகளில் முன்னேறவேண்டிய தூரம் 10 யார் ஆக உயர்ந்தது. பந்தை முன்னோக்கி எறிதல் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டது. உயிர்காத்தலே இம்மாற்றங்களின் முதல் நோக்கம். ஆயின், அவற்றால் ஆட்டம் விரிந்து களமெங்கும் பரவியதும், அடுத்து நிகழ்வது யாதென்பது ஐயத்துக்குரியதாயினதும் உடன்விளைவுகளாம்.

எனினும் விதி தந்த உரிமையைப் பயிற்றுநர் உடனே பயன்படுத்தினரல்லர். எறிந்த பந்தை எவரும் தொடாதுவிடின் அது எதிரணிக்கு உரியதாகும் என அக்காலத்து விதி கடுமையாயிருந்தது. 1906 செப்ரெம்பர் 5ஆந் திகதி சென் லூயிஸ் பல்கலைக்கழக அணி எடி கொக்கெம்ஸ் என்னும் பயிற்றுநரின்கீழ் முதல் எறிதலைச் செய்தது. அம்முதல் எறிதல் தவறியது. ஆயினும் அவ்வணி முறையைக் கைவிடவில்லை. 1912இல் முயற்சிகள் நான்காயின. 1913 நவம்பர் 1ஆந் திகதி அதுவரை பெரும்பெயர் பெற்றிராத நோத்ரடாம் கல்லூரி, வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியை எறிதல் முறையால் 35க்கு 13 எனத் தோற்கடித்தபோதே நாடு விழித்தது. அன்று எறிந்தவர் கஸ் டொறாய்ஸ். ஏந்தியோருள் ஒருவர் பின்னாளிற் பெரும் பயிற்றுநராய் விளங்கிய நூட் றொக்னி. ஏழாண்டுகளாக எல்லார்க்கும் உரியதாயிருந்த ஒரு வழியைப் பெரும்பாலோர் நாடாதிருந்தமை, வழக்கம் எத்துணை வலியது என்பதைக் காட்டும்.

மூன்று யாரும் ஒரு புழுதிப்படலமும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பழைய முறைக்கு மீண்டும் பெருமை தேடித்தந்தவர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வூடி ஹேய்ஸ் ஆவர். 1951 முதல் 1978 வரை அவர் அப்பதவியில் இருந்து 205 வெற்றிகள் ஈட்டினார். பந்தை எறிந்தால் நிகழக்கூடியன மூன்று, அவற்றுள் இரண்டு தீயன என்பது அக்காலப் பயிற்றுநரிடையே வழங்கிய மொழி. எறிந்தது கைசேரலாம், நிலத்தில் விழலாம், எதிரி கையிலும் சேரலாம். ஆதலின் ஹேய்ஸின் அணி பெரும்பாலும் எறியாது நடுவழியே மோதி முன்னேறிற்று. ஒவ்வொரு மோதலிலும் மூன்று யாரும் ஒரு புழுதிப்படலமுமே கிடைக்கும் என்று அதனை உலகம் வருணித்தது.

இவ்வணியின் ஆட்டத்தை முன்னறிதற்கு நுண்ணறிவு வேண்டியதில்லை. ஆயினும் கொலம்பஸ் நகரத்து அரங்கு நிறைந்தே இருந்தது. காரணம் யாது? அடுத்த அடி எங்கே விழும் என்று எதிரணி அறிந்தும் அதனைத் தடுக்க இயலாதிருந்தமையே. முன்னறிந்தும் தடுக்கவியலாத வலிமை பார்ப்போர்க்கு ஒருவகைப் பெருமிதம் அளித்தது. அவ்வலிமை குன்றிய ஆண்டுகளிலோ, அதே முறை அதே மக்களாற் பிடிவாதம் எனப் பழிக்கப்பட்டது. 1966இல் அவ்வணி நான்கு ஆட்டங்களில் மட்டும் வென்று ஐந்தில் தோற்றது. இரண்டாண்டின் பின், 1968இல், இளைய வீரர் பலரைக்கொண்டு முன்னிலும் விரிந்த முறையில் ஆடி நாட்டின் முதன்மை நிலையை எய்தியது. மாறாதவர் எனப்பட்ட ஹேய்ஸும் நெருக்கடி வந்தபோது ஓரளவு மாறினார் என்பது இதனாற் பெறப்படும்.

வெற்றி மட்டும் போதாதென்பதற்கு அக்காலத்து வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1966 நவம்பர் 19ஆந் திகதி ஈஸ்ற் லான்சிங் நகரில் நோத்ரடாமும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் மோதின. இரண்டும் தோல்வியறியாத அணிகள். கணக்கு 10க்கு 10 என நின்ற இறுதி நேரத்தில் நோத்ரடாமின் பயிற்றுநர் ஆறா பார்சீகியன் வெற்றிக்கு முயலாது, பந்தைக் காத்துக் காலத்தைக் கழித்தார். அவ்வாண்டின் முதன்மை நோத்ரடாமுக்கே வழங்கப்பட்டது. ஆயினும் அவ்விறுதி நிமிடத்தைப் பற்றிய பழி அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. கணக்கில் இலாபமானது கண்ணுக்கு இழப்பாகலாம் என்பதற்கு இது சான்று.

அயோவாவின் வழக்கு

இம்முறைப்பாடு தன் உச்சத்தை அடைந்தது அண்மைக்காலத்தில், அயோவா பல்கலைக்கழகத்திலாகும். அயோவா வேளாண்மையிற் சிறந்த மாநிலம். அதன் உதைபந்தாட்ட அணிக்குக் கேர்க் பெறென்ஸ் 1999ஆம் ஆண்டுப் பருவம் முதல் தலைமைப் பயிற்றுநராயுள்ளார். அவர் முறை எளிது: தன் காவலைக் கோட்டையாக்கு, பந்தை வீணே இழவாதே, முன்னேற இயலாதாயின் தொலைவாக உதைத்து எதிரியை அவன் மூலையில் நிறுத்து, அவன் பிழைசெய்யும்வரை பொறுத்திரு. இம்முறையால் அவர் பல வெற்றிகள் பெற்றார் என்பது மறுக்கவொண்ணாதது.

2017இல் அவர் மகன் பிறயன் பெறென்ஸ் தாக்குதற் பகுதியின் பொறுப்பாளராக உயர்த்தப்பட்டார். உறவினரை உறவினர் மேற்பார்வை செய்தல் விதிக்கு மாறாதலின், மகன் தந்தைக்கன்றி விளையாட்டுத்துறைப் பணிப்பாளருக்குப் பொறுப்புடையவரென ஏட்டில் எழுதப்பட்டது. களத்தில் நடப்பதைக் கண்ட மக்கள் அவ்வேற்பாட்டை ஐயத்துடன் நோக்கினர்.

2022 செப்ரெம்பர் 3ஆந் திகதி அயோவா 7க்கு 3 எனத் தென் டக்கோற்றா மாநில அணியை வென்றது. அவ்வேழு புள்ளிகளும் வந்த வழி வியப்புக்குரியது. ரச்டவுண் ஒன்றேனும் இல்லை. கம்பங்களுக்கிடையே உதைத்தது ஒன்று. எதிரணியை அதன் எல்லைக்குள்ளேயே மடக்கிப் பெற்ற இவ்விரண்டு புள்ளிகள் இருமுறை. அப்பருவத்தில் அயோவாவின் சராசரி ஆட்டத்துக்கு 17.7 புள்ளி. முன்னேறிய தூரத்தில் நாட்டின் முதற்பிரிவிலுள்ள 131 அணிகளுள் அதன் இடம் 130. அரங்கினின்றும் கூக்குரல் எழுந்தது.

2023 பெப்ருவரியிற் பல்கலைக்கழகம் ஒரு புதுமை செய்தது. பிறயன் பெறென்ஸின் ஆண்டுச் சம்பளத்தை 50,000 டொலர் குறைத்து 850,000 டொலராக்கி, அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளியும் குறைந்தது ஏழு வெற்றியும் பெறல் வேண்டுமென ஒப்பந்தத்தில் எழுதியது. காவற்பகுதியார் ஈட்டும் புள்ளியும் அக்கணக்கிற் சேரும். பதின்மூன்று ஆட்டங்களுக்கு 325 புள்ளி என மக்கள் கணக்கிட்டு ஒவ்வொரு வாரமும் எண்ணத் தொடங்கினர். பார்ப்போரின் சலிப்பு இங்ஙனம் சட்டபூர்வமான ஓர் எண்ணாக மாறிற்று.

எண் கைகூடவில்லை. ஒக்டோபர் 21ஆந் திகதி மினசோற்றாவிடம் 12க்கு 10 எனத் தோற்றபின், அம்மாதம் 30ஆந் திகதி, அப்பருவத்தோடு பிறயன் பெறென்ஸின் பணி முடிவுறும் என இடைக்காலப் பணிப்பாளர் பெத் கெற்ஸ் அறிவித்தார். பருவ முடிவிற் சராசரி 15.4 புள்ளி, முன்னேறிய தூரத்தில் 133 அணிகளுள் 133ஆம் இடம். ஆயினும் அதே அணி அதே பருவத்தில் பத்து ஆட்டங்களில் வென்றது! நான்கில் மட்டுமே தோற்றது. அப்பருவத்தில் அவ்வணியிற் பெரும்புகழ் பெற்றோருள் ஒருவர், பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணிக்கு விடும் தொழிலுடைய அவுஸ்திரேலியரான ரோறி ரெய்லர். ஒரே பருவத்தில் அவர் உதைத்த தூரம் 4,479 யார். அது அதுவரை எவரும் எட்டாதது. தம் அணி தோற்றுப் பின்வாங்கும் செயலுக்கே மக்கள் எழுந்து கைதட்டினர். நகையாடலும் பற்றும் கலந்த கைதட்டல் அது.

இரு திறத்தாரின் நியாயம்

இவ்வழக்கில் பயிற்றுநரின் நியாயத்தை எளிதில் தள்ளுதல் தகாது. காவல் வலிதாயிருக்கும் அணிக்குத் துணிகரம் ஆபத்தேயன்றி இலாபமன்று என்பது அவர் வாதம். பத்து வெற்றிகள் அதற்குச் சாட்சி. முன்னறியப்பட்டாலும் பழுதின்றிச் செய்யப்படும் செயலே நன்று என்பதற்கு ஹேய்ஸின் வரலாறும் துணைநிற்கும்.

ஆயினும் எதிர்வாதமும் வலிது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் டேவிட் றோமர் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தொழில்முறை அணிகள் நான்காம் முயற்சியிற் பந்தை உதைத்துவிடுவது வெற்றிக்கு வேண்டிய அளவினும் மிகுதி எனக் கணக்கிட்டுக் காட்டினார். வழக்கமான வழியிற் சென்று தோற்றாரை உலகம் மன்னிக்கும். புதுவழியிற் சென்று தோற்றாரை மன்னியாது. ஆதலாற் பயிற்றுநர் வழக்கத்தின் நிழலில் ஒதுங்குகின்றனர் என்று இதற்குக் காரணம் கூறலாம். அவ்வாறாயின், பார்ப்போர் சலிப்பென உணர்ந்தது வெறும் பொழுதுபோக்கு ஆசையன்று. அறிவாராய்ச்சியும் ஓரளவு உடன்படும் உணர்வேயாம். மேலும், வலிய அணிகளை எதிர்கொண்டபோது அயோவாவின் முறை முற்றாக முறிந்தது. 2023இல் பென்சில்வேனியா மாநில அணியிடம் 31க்கு 0, மிச்சிகனிடம் 26க்கு 0, பருவ இறுதியில் ரெனசியிடம் 35க்கு 0 எனத் தோற்றமை அதனைக் காட்டும்.

அடுத்து நிகழ்ந்தது இவ்விரு நியாயங்களுக்கும் நடுவே நிற்கின்றது. 2024இல் ரிம் லெஸ்ரர் தாக்குதற் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு அயோவாவின் சராசரி 25 புள்ளியைக் கடந்தது. ஆயின் அது எறிதலால் வந்ததன்று. எறிதலில் அவ்வணி பின்வரிசையிலேயே நின்றது. கேலப் ஜோன்சன் என்னும் வீரர் பந்துடன் ஓடி 1,537 யார் ஈட்டினார். முறை பெரிதும் பழையதே. ஓட்டத்தின் வகையும் நிரையின் அசைவும் புதியன. மக்களின் கூக்குரல் தணிந்தது. ஆகவே, அவர்கள் வேண்டியது எறிதலன்று. ஒவ்வொரு முயற்சியிலும் ஏதேனும் நிகழக்கூடும் என்னும் நம்பிக்கையே என்பது தெளிவாகின்றது. 2025 செப்ரெம்பர் 13ஆந் திகதி, மசாசூசெற்ஸ் அணியை 47க்கு 7 என வென்றபோது, கேர்க் பெறென்ஸ் தம் 206ஆவது வெற்றியைப் பெற்று, அக்கல்லூரிக் கூட்டத்தில் ஹேய்ஸ் நாட்டியிருந்த வெற்றித் தொகையைக் கடந்தார். பொறுமைமுறையின் இரு பெரும் ஆசான்களும் ஒரே பட்டியலின் முதலிரு இடங்களில் நிற்பது வரலாற்றின் பொருத்தமாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, பார்ப்போரின் சலிப்பு வீண்கூச்சலன்று. 1882இன் விதி அதன் விளைவாகவே பிறந்தது. இரண்டாவது, ஒரே முறையைத் திரும்பத் திரும்பக் கையாளல் தன்னளவிற் குற்றமன்று. அதன் பின்னால் வலிமை உள்ளவரை அது மதிக்கப்படும், வலிமை நீங்கியபின் அதுவே பிடிவாதமெனப்படும். மூன்றாவது, சலிப்பை எண்ணால் அளந்து ஒப்பந்தத்தால் தீர்த்தல் அரிது. அயோவா குறித்த 25 என்னும் எண் வாராந்தம் எண்ணப்பட்டதேயன்றி ஆட்டத்தைத் திருத்தவில்லை. திருத்தியது புதியவர் ஒருவரின் சிந்தனையே.

இவை பந்தாட்டத்துக்கு மட்டும் உரியனவல்ல. ஒரு கலாசாலையும் தன் பழைய முறைகளாற் சித்தி எய்திவரும்போது அவற்றை மாற்ற விரும்பாது. சித்தி வருகின்றதே என்பது அதன் விடையாகும். அவ்வேளை, அடுத்த பாடம் எவ்வாறு தொடங்கும், எவ்வாறு முடியும் என்பதை முன்கூட்டியே அறிந்த மாணாக்கர் பின்வாங்கில் அமர்ந்து கொட்டாவி விடுவராயின், அதனை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கொள்ளாது ஒரு முறைப்பாடாகவும் கொள்ளுதல் ஆசிரியர் கடனாகும். அயோவாவின் மக்கள் அரங்கைவிட்டு நீங்கினாரல்லர். வாரந்தோறும் வந்து, அமர்ந்து, குறைகூறினர். குறைகூறுவோர் இன்னும் வந்துகொண்டிருக்கும்வரை அவ்விடத்திற்குத் திருந்தும் வாய்ப்பு உண்டு.